நின்றுபோன மடிக்கணினியும் மீண்டு வந்த கணக்கும்

நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று வினவினால், தறிக்குழியில் இருக்கிறது என்பார் ஒருவர். நூல் கிடங்கில் இருக்கிறது என்பார் மற்றொருவர். இரண்டும் உண்மையே. ஆயினும், கூலி நாளன்று காரியாலய மேசைக்கு முன் வரிசையில் நிற்கும் அங்கத்தினருக்குச் சங்கத்தின் உயிர் அதன் கணக்கில்தான் இருக்கிறது. அவர் எத்தனை பாவு பெற்றார், எத்தனை சேலை கொடுத்தார், அவருக்குச் சேர வேண்டிய கூலி யாது, சேமிப்புக்காகப் பிடித்தம் செய்யப்பட்டது எவ்வளவு என்பவற்றைக் கணக்கே சொல்ல வேண்டும். விவசாயிகள் சங்கத்திலும் இதே நிலைதான். பயிர்க்கடனும், உர வழங்கலும், விளைபொருள் கொள்முதலும் கணக்கு நின்றால் நின்றுவிடும்.

முன்னாட்களில் இக்கணக்குப் பேரேட்டில் இருந்தது. பேரேட்டைக் கறையான் அரித்ததுண்டு. மழை நீர் நனைத்ததுண்டு. அப்போதும் பாதியாவது படிக்கக் கிடைத்தது. இன்று பல சங்கங்களில் பேரேடு இருந்த இடத்தில் ஒரு மடிக்கணினி இருக்கிறது. அது திறக்க மறுத்தால் ஒரு வரியும் கண்ணுக்குக் கிட்டுவதில்லை. எங்கள் சங்கத்தில் அவ்வாறு நேர்ந்த ஒரு சங்கடத்தையும், அதிலிருந்து நாங்கள் மீண்ட வகையையும், மீளும்போது அறிந்துகொண்டவற்றையும் சகோதரச் சங்கங்களின் அங்கத்தினர்களுக்குச் சொல்லுவது எங்கள் கடமை எனக் கருதி இதனை எழுதுகிறோம். குற்றம் முழுவதும் எங்களுடையதே ஆதலால், அதனை ஒளிக்காமல் சொல்லுவதில் தடையில்லை.

நடந்தது

தீபாவளிப் பட்டுவாடாவுக்கு நான்கு நாட்கள் இருந்தன. எங்கள் மடிக்கணினி சில வாரங்களாகவே மிகவும் தாமதமாக இயங்கி வந்தது. கூலிப் பட்டியலைத் திறக்கப் பொத்தானை அமுக்கினால், தேநீர் வாங்கி வந்து குடித்து முடித்த பின்பே பட்டியல் தோன்றும். இதே நிலையில் முந்நூறு பேருக்குக் கூலிச் சீட்டு அச்சிட முடியாது என்று எழுத்தர் கவலைப்பட்டார். விண்டோஸ் இயங்குதளத்தில் 'ரீசெட் திஸ் பி.சி.' என்னும் கட்டளை உண்டு என்றும், அதைக் கொடுத்தால் கணினி புதியதுபோல் ஆகிவிடும் என்றும், 'கீப் மை ஃபைல்ஸ்' என்பதைத் தேர்ந்தால் கோப்புகள் அப்படியே இருக்கும் என்றும் அவர் கேள்விப்பட்டிருந்தார். நிர்வாகக் குழுவினராகிய நாங்களும் சரி என்றோம். பிரதி எடுத்து வைத்திருக்கிறதா என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

மின்னிணைப்பில் வைத்த பின்பே இவ்வேலையைத் தொடங்க வேண்டும் என்று கணினி எச்சரித்தது. மின்னிணைப்பு இருந்தது, ஆனால் கணினியின் மின்கலம் செத்து ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. மின்கம்பியைப் பிடுங்கினால் அந்த விநாடியே அணைந்துவிடும் கணினி அது. பிற்பகல் மூன்று மணிக்கு வேலை தொடங்கியது. திரையில் நூற்றுக்கு அறுபது பங்கு முடிந்தது என்று காட்டிய நேரத்தில் மின்சாரம் நின்றது.

மின்சாரம் அரை மணி நேரத்தில் வந்தது. கணினி வரவில்லை. உற்பத்தியாளரின் சின்னம் தோன்றும், வெள்ளைப் புள்ளிகள் வட்டமிடும், திரை கறுக்கும், மறுபடியும் சின்னம் தோன்றும். மாலை முழுவதும் இதுவே நடந்தது.

இரவு ஏழு மணிக்குப் பக்கத்து நகரத்தில் கணினி பழுது பார்ப்பவர் ஒருவரிடம் அதனை எடுத்துச் சென்றோம். அவர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "அனைத்தையும் அழித்துப் புதிதாகப் போட்டுவிடலாம், ஒரு மணி நேர வேலைதான். உள்ளே இருக்கும் டேட்டா வேண்டுமா?" என்று கேட்டார். அவர் அந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நாங்கள் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறோம். கேளாமலே அழித்திருந்தால், முந்நூறு குடும்பங்களின் மூன்றாண்டுக் கணக்கு அந்த ஒரு மணி நேரத்தில் போயிருக்கும். வேண்டும் என்றோம். தம்மால் உறுதி சொல்ல இயலாது என்று அவர் கணினியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பாதியில் அறுந்த பாவு

மேலே செல்லுமுன், கணினிக்கு நேர்ந்தது யாது என்பதை அங்கத்தினர்கள் விளங்கிக் கொள்வது நலம்.

தறியில் பழைய பாவு முடியும் தறுவாயில், அச்சிலும் விழுதிலும் கோத்திருக்கும் பழைய இழைகளின் முனையோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்கிறோம். ஆயிரக்கணக்கான இழைகளில் பாதியைப் பிணைத்த நிலையில் ஒருவர் எழுந்து போய்விட்டால், அந்தத் தறியில் பழைய சேலையையும் நெய்ய முடியாது. புதிய சேலையையும் நெய்ய முடியாது. ஆனால் நூல் எங்கும் போய்விடவில்லை. தறியும் உடையவில்லை.

மீட்டமைப்பு என்னும் வேலையும் இத்தகையதே. கணினி தன் வழக்கமான இயக்கத்தை நிறுத்திவிட்டு, மீட்புச் சூழல் எனப்படும் ஒரு சிறிய தனி இயங்குதளத்துக்குள் சென்று நிற்கிறது. அங்கிருந்துகொண்டு புதிய விண்டோஸைத் தயாரிக்கிறது, பழையதை ஒதுக்குகிறது, புதியதை அதன் இடத்தில் வைக்கிறது, பயனாளரின் கோப்புகளைப் புதியதோடு சேர்க்கிறது. இடையில் மின்சாரம் நின்றாலும், வட்டில் போதிய இடமில்லாவிடினும், தேவையான கோப்புகள் முன்பே பழுதுற்றிருந்தாலும் வேலை பாதியில் நிற்கும். அப்போது கணினி தானே பின்வாங்கிப் பழைய நிலைக்குத் திரும்ப முயலும். திரும்பிவிட்டால், மீட்டமைப்பதில் சிக்கல் ஏற்பட்டது, மாற்றம் எதுவும் செய்யப்படவில்லை என்று திரையில் சொல்லும். திரும்ப முடியாவிட்டால், எங்கள் கணினியைப்போல் வட்டமிட்டுக் கொண்டே இருக்கும்.

பயனாளரின் பிழையின்றியும் இது நேரக்கூடும். 2025 ஆகஸ்டு மாதத்தில் வெளிவந்த பாதுகாப்புப் புதுப்பிப்பு ஒன்றினால் விண்டோஸ் 10-இலும் விண்டோஸ் 11-இன் சில பதிப்புகளிலும் மீட்டமைப்பு தோல்வியுற்றது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அம்மாதம் 19-ஆம் தேதி தனியே வெளியிட்டது. ஆகவே, மீட்டமைப்பு என்பது தவறாமல் முடியும் வேலை என்று எண்ணிப் பிரதியின்றி அதில் இறங்குவது எவருக்கும் தகாது.

'கீப் மை ஃபைல்ஸ்' என்னும் சொற்களிலும் ஒரு நுட்பம் உண்டு. பயனாளரின் உறைகளில் உள்ள ஆவணங்கள், படங்கள் முதலியவற்றை அது காக்கும். நாம் நிறுவிய நிரல்களைக் காக்காது. தனது தரவைத் தான் நிறுவப்பட்ட உறைக்குள்ளேயே வைத்துக் கொள்ளும் நிரல் ஏதேனும் இருப்பின், அத்தரவும் நிரலோடு சேர்ந்து போய்விடக் கூடும். எங்கள் கூலிப் பட்டியல் ஆவண உறையில் இருந்தது. நூல் இருப்பையும் சேலை வரவையும் பதிந்து வந்த நிரலோ, தன் தரவைத் தன்னிடமே வைத்திருந்தது.

முதலில் கணக்கு, பிறகு கருவி

மறுநாட் காலையில் எங்கள் அங்கத்தினர் ஒருவரின் மகள் காரியாலயத்துக்கு வந்தார். பாலிடெக்னிக்கில் கணினித் துறை மூன்றாம் ஆண்டு மாணவி. கணினியைத் தொடுவதற்கு முன் அவர் எழுத்தரிடம், "அண்ணா, இதில் இருப்பது வேறு எங்கேயாவது இருக்கிறதா? பென்டிரைவில், மின்னஞ்சலில், வேறு கணினியில்?" என்று கேட்டார். இல்லை என்றார் எழுத்தர். "அப்படியானால் இன்றைக்குக் கணினியைச் சரி செய்ய வேண்டாம். கணக்கை மட்டும் வெளியே எடுப்போம். அது வந்த பிறகு கணினி எப்படிப் போனாலும் பரவாயில்லை" என்றார். இக்கட்டுரையில் நாங்கள் சொல்ல வந்ததெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது.

கணினியோடு இணைந்திருந்த அச்சுப்பொறி முதலியவற்றைக் கழற்றினார். மின்கம்பியையும் எடுத்துவிட்டுத் திறக்கும் பொத்தானை அரை நிமிடம் அமுக்கிப் பிடித்து, உள்ளே தங்கியிருந்த மின்சாரத்தைப் போக்கினார். பக்கத்துக் கடையிலிருந்து மின்கலத்தோடு கூடிய மின்தாங்கி ஒன்றை இரவல் வாங்கி வரச் செய்தார். அது வரும்வரை கணினியைத் திறக்கவில்லை.

பின்பு மீட்புச் சூழலுக்குச் செல்லும் வழியைக் காட்டினார். கணினியைத் திறந்து, விண்டோஸ் தொடங்கும் அறிகுறி தோன்றியவுடன் பொத்தானைப் பத்து விநாடி அமுக்கிப் பிடித்து அணைக்க வேண்டும். இவ்வாறு இருமுறை செய்து, மூன்றாம் முறை தன் போக்கில் விட வேண்டும். தொடர்ந்து தொடக்கம் தவறுவதைக் கண்ட கணினி தானே மீட்புச் சூழலுக்குள் செல்லும். எங்கள் கணினியும் மூன்றாம் முறை நீல நிறத் திரையைக் காட்டியது. 'டிரபிள்ஷூட்' என்பதைத் தேர்ந்தபோது இரு வழிகள் தோன்றின. ஒன்று 'ரீசெட் திஸ் பி.சி.', மற்றொன்று 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்'. முதலாவதைக் காட்டி, "இதற்குள்ளே 'ரிமூவ் எவ்ரிதிங்' என்று ஒன்று இருக்கிறது. அவசரத்தில் யாரும் அதை அமுக்கிவிடாதீர்கள்" என்று எச்சரித்துவிட்டு இரண்டாவதற்குள் சென்றார். அங்கே 'கமாண்ட் பிராம்ப்ட்' என்பதைத் தேர்ந்தார்.

அப்போதுதான் எதிர்பாராத தடை எழுந்தது. நாற்பத்தெட்டு இலக்கம் கொண்ட சாவியைக் கேட்டது கணினி.

ஒருவரும் அறியாத பூட்டு

இப்பூட்டுக்குப் 'பிட்லாக்கர்' என்று பெயர். கணினி திருட்டுப் போனாலும் அதிலுள்ள வட்டைப் பிறர் கழற்றிப் படிக்க முடியாதபடி அதன் உள்ளடக்கம் முழுவதையும் மறைமொழியாக்கி வைப்பது இதன் வேலை. நல்ல ஏற்பாடுதான். புதிய மடிக்கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தவுடன் இப்பூட்டுத் தானாகவே விழுந்துவிடுகிறது. 2024-இல் வெளிவந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து இது மேலும் பரவலாயிற்று. பூட்டு விழுந்தது உரிமையாளருக்கே தெரிவதில்லை. கணினி நன்றாக இயங்கும்வரை சாவியை அது கேட்பதுமில்லை.

சாவி, முதன்முதலில் கணினியில் நுழைந்தவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். பூட்டுத் திரையில் சாவியின் அடையாள எண்ணும் தோன்றும். வேறொரு கைப்பேசியிலோ கணினியிலோ அக்கணக்கைத் திறந்து, அடையாள எண் பொருந்தும் சாவியைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். சாவி இல்லையேல் வேறு வழி கிடையாது. வட்டைக் கழற்றினாலும், வேறு இயங்குதளத்திலிருந்து படிக்க முயன்றாலும் பயனில்லை.

எங்கள் கணினியில் முதலில் நுழைந்தவர் யார்? மூன்றாண்டுகளுக்கு முன் எங்களிடம் பணியாற்றிய பழைய எழுத்தர். சங்கத்துக்கென்று கணக்கு இல்லாமையால் தம் சொந்தக் கணக்கிலேயே அதனைத் தொடங்கி வைத்திருந்தார். அவர் எங்களை விட்டு விலகித் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலைக்குச் சென்றிருந்தார். சங்கத்தின் கணக்குப் பெட்டிக்குச் சாவி, வெளியூரில் வேலை பார்க்கும் ஓர் இளைஞரின் சட்டைப் பையில் இருந்ததற்கு ஒப்பான நிலை இது. அவர் கைப்பேசி எண்ணை மாற்றியிருந்தாலோ, தம் கணக்கின் கடவுச்சொல்லை மறந்திருந்தாலோ எங்கள் கதி என்னவாகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவும் அஞ்சுகிறோம்.

பகல் முழுவதும் அவர் அழைப்பை எடுக்கவில்லை. இரவுப் பணி முடித்து உறங்கிக் கொண்டிருந்தார். மாலையில் அவரே அழைத்தார். விவரம் கேட்டதும், "அண்ணே, ஐந்து நிமிடம் கொடுங்கள்" என்று சொல்லித் தம் கணக்கைத் திறந்து சாவியைப் படித்தார். ஆறு ஆறு இலக்கங்களாக எட்டுத் தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியும் பதினொன்றால் மீதமின்றி வகுபடும் எண்ணாகவே அமைக்கப்பட்டிருக்கிறது. அதனால் ஓர் இலக்கத்தைத் தவறாகக் கேட்டு எழுதினாலும் கணினி உடனே கண்டுகொள்கிறது. நாங்களும் அவ்வாறே தவறினோம். மூன்றாந் தொகுதியில் ஒன்றை ஏழு என்று எழுதிவிட்டு, மாணவி வகுத்துப் பார்த்துச் சொன்னபின் திருத்தினோம். பூட்டுத் திறந்தது.

கணக்கை வெளியே எடுத்தல்

கறுப்புத் திரையில் எழுத்துகளால் கட்டளையிடும் இடம் தோன்றியது. கோப்புகளைப் பிரதி செய்யும் கட்டளைகள் பல இருந்தாலும், அறியாதவர்க்கும் எளிதான ஒரு வழியை மாணவி காட்டினார். அங்கே 'நோட்பேட்' என்று தட்டினால் எழுதுபலகை ஒன்று திறக்கும். அதில் 'ஃபைல்', 'ஓப்பன்' என்று சென்று, எல்லா வகைக் கோப்புகளையும் காட்டுமாறு தேர்ந்தால், வட்டிலுள்ள உறைகள் யாவும் கண்ணுக்குத் தெரியும். அங்கிருந்தே கோப்புகளைப் பிரதி செய்து பென்டிரைவில் ஒட்டலாம்.

இதில் இரு எச்சரிக்கைகள் உண்டு. மீட்புச் சூழலில் வட்டுகளின் எழுத்துகள் மாறியிருக்கக் கூடும். வழக்கமாக 'சி' என இருப்பது 'டி' என்றோ வேறாகவோ தோன்றலாம். 'எக்ஸ்' என்பது மீட்புச் சூழலுக்கே உரியது. 'சி'யில் எதுவும் இல்லையே என்று மனமுடைந்துவிடாமல் எல்லா எழுத்துகளையும் திறந்து பார்க்க வேண்டும். மற்றொன்று, பிரதி செய்யும்போது எவ்வளவு முடிந்தது என்று இந்தச் சிறு பலகை காட்டாது. அசைவற்று உறைந்ததுபோல் நிற்கும். பொறுமையோடு காத்திருக்க வேண்டுமேயன்றி அணைத்துவிடலாகாது. நாங்கள் நாற்பது நிமிடம் அந்தத் திரையைப் பார்த்துக் கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கூலிப் பட்டியல்கள் மூன்றாண்டுக்கும் முழுமையாகக் கிடைத்தன. சேமிப்புப் பிடித்தப் பட்டியலும் கிடைத்தது. அவற்றை இரண்டு பென்டிரைவ்களில் எடுத்து, காரியதரிசியின் மகனுடைய கணினியில் திறந்து பார்த்து உறுதி செய்துகொண்டோம். திறந்து பாராத பிரதியைப் பிரதி என்று எண்ணக் கூடாது என்பது மாணவி சொன்ன இன்னொரு பாடம்.

நூல் இருப்பு நிரலின் தரவோ ஒதுக்கி வைக்கப்பட்ட பழைய விண்டோஸின் உறையில் கிடைத்தது, ஆயினும் பழுதுற்றிருந்தது. கடைசி இரண்டு வாரப் பதிவுகள் திறக்கவேயில்லை. தீபாவளிக் கூலி அந்த இரண்டு வாரச் சேலை வரவைப் பொறுத்தே இருந்தது.

அங்கத்தினர்களிடம் இருந்த பிரதி

அன்றிரவே ஒலிபெருக்கி வைத்து, அங்கத்தினர் யாவரும் தத்தம் பற்றுவரவுப் புத்தகத்தைக் கொண்டுவருமாறு அறிவித்தோம். மறுநாள் விடியுமுன்பே வரிசை நின்றது. மஞ்சள் பையிலும், முந்தானை முடிப்பிலும், செய்தித்தாளில் சுற்றியும் புத்தகங்கள் வந்தன. எழுத்தரும் நிர்வாகக் குழுவினர் நால்வரும் அமர்ந்து, பாவு கொடுத்த தேதி, சேலை வாங்கிய தேதி, எண்ணிக்கை ஆகியவற்றைத் தாளில் எழுதினோம். மாலைக்குள் இரண்டு வாரக் கணக்குத் திரும்ப உருவாயிற்று. கிடங்கில் இருந்த சேலைகளை எண்ணிச் சரிபார்த்தபோது இரண்டே சேலைகள் பொருந்தவில்லை.

அந்த இரண்டும் அறுபத்தெட்டு வயதுடைய ஓர் அங்கத்தினருடையவை. அவர் புத்தகத்தில் கடைசி வரவு பதியப்படவில்லை. "அன்றைக்கு எழுதச் சொன்னேன். எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது, புத்தகம் எதற்கு என்று சொன்னார்கள்" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். எழுத்தர் தலைகுனிந்து, தாம் அவ்வாறு சொன்னது உண்மையே என்று ஒப்புக்கொண்டார். கிடங்கில் கூடுதலாக இருந்த இரண்டு சேலைகளை அவர் எடுத்துப் பார்த்து, கரையில் தாம் போடும் அடையாளத்தைக் காட்டினார். அவருக்கும் மற்றவர்களோடு கூலி கொடுக்கப்பட்டது. பட்டுவாடா ஒரு நாளும் தள்ளிப் போகவில்லை.

எங்களிடம் பிரதி இல்லை என்று அழுதுகொண்டிருந்த நேரத்தில், முந்நூறு வீடுகளில் பிரதி இருந்தது. அதனை அங்கத்தினர்கள் காத்து வைத்திருந்தார்கள். காரியாலயத்தில் இருந்த நாங்களே அதனைத் தேவையற்றது என்று நினைக்கத் தொடங்கியிருந்தோம்.

கருவியைச் சீராக்குதல்

கணக்கு வெளியே வந்தபின் கணினியைச் சீராக்குவது பெரிய காரியமாக இருக்கவில்லை. மீட்புச் சூழலில் 'ஸ்டார்ட்டப் ரிப்பேர்' என்னும் தொடக்கச் சீர்திருத்தத்தை முதலில் முயன்றோம். சிறு கோளாறாயின் இதிலேயே தீரும். பின்பு வட்டைச் சோதிக்கும் 'செக்டிஸ்க்' கட்டளையைக் கொடுத்தோம். இக்கட்டளை வட்டில் மாற்றம் செய்யக் கூடியது ஆதலால், கோப்புகளை எடுத்தபின்பே கொடுத்தல் வேண்டும். புதுப்பிப்பு ஒன்றினால் வந்த கோளாறாயின் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' என்பதும், மீட்புப் புள்ளி இருப்பின் 'சிஸ்டம் ரெஸ்டோர்' என்பதும் பயன்படும். எங்களுக்கு இவை எதுவும் உதவவில்லை. பாதியில் அறுந்ததைப் பிணைப்பதைவிடப் புதுப்பாவு ஏற்றுவதே நன்று என்ற முடிவுக்கு வந்தோம்.

அதற்கு வேண்டுவன, நன்கு இயங்கும் வேறொரு கணினியும், எட்டு ஜி.பி. அளவுக்குக் குறையாத வெறும் பென்டிரைவும், இணைய இணைப்புமே. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 'மீடியா கிரியேஷன் டூல்' என்னும் கருவியைக் கட்டணமின்றி வழங்குகிறது. அதைக்கொண்டு விண்டோஸ் நிறுவும் பென்டிரைவைத் தயாரித்துக் கொள்ளலாம். அந்தப் பென்டிரைவில் முன்பிருந்தவை அழிந்துவிடும் ஆதலால், கணக்கை எடுத்து வைத்த பென்டிரைவை இதற்குப் பயன்படுத்திவிடக் கூடாது. பின்பு பழுதுற்ற கணினியில் அதனைச் செருகித் திறக்கும்போது, எஃப் 12, எஃப் 9, எஸ்கேப் போன்ற விசைகளில் அந்தக் கணினிக்குரியதைத் தட்டினால், எதிலிருந்து தொடங்குவது என்ற பட்டியல் வரும். மீட்புச் சூழலே திறவாத கணினிகளிலும் இந்தப் பென்டிரைவிலிருந்து தொடங்கி, பழுது பார்க்கும் வழியைத் தேர்வதன் மூலம் மேலே சொன்ன கறுப்புத் திரைக்குச் செல்லலாம்.

மீண்டும் நிறுவினால் விண்டோஸ் உரிமத்துக்கு மறுபடியும் பணம் கட்ட வேண்டுமோ என்று ஐயுற்றோம். வேண்டியதில்லை. உரிமத்தோடு வாங்கிய கணினியில் அதே வகை விண்டோஸை நிறுவினால், இணையத்தில் இணைந்தவுடன் உரிமம் தானே உறுதியாகிவிடும். விண்டோஸ் 10-க்குரிய பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆதலால், புதிதாக நிறுவும் சங்கங்கள், கணினி ஏற்குமாயின் விண்டோஸ் 11-ஐ நிறுவுவதே முறை.

'ரிமூவ் எவ்ரிதிங்' என்பதை ஏற்கெனவே அமுக்கிவிட்டவர்களுக்கும் ஒரு சொல். கணினியை உடனே நிறுத்திவிட்டுத் தேர்ந்தவரிடம் கொண்டு செல்க. பழைய சுழல் வட்டாயின், அழிந்த கோப்புகள் மேலே புதியவை எழுதப்படும்வரை மீட்கக் கூடும். இக்கால எஸ்.எஸ்.டி. வட்டாயின், அழிந்தவற்றின் இடத்தைக் கணினியே துடைத்துவிடுவதால் நம்பிக்கை மிகக் குறைவு. வட்டிலிருந்து தட்டும் ஓசை கேட்டால் எந்த முயற்சியும் செய்யாமல் நிறுத்துவதே நன்று.

கணினி ஏன் தாமதமாக இயங்கியது என்பதையும் மாணவி கண்டு சொன்னார். வட்டு நிரம்பி வழிந்து கொண்டிருந்தது. தேவையற்ற கோப்புகளை நீக்கியிருந்தாலே போதுமாம். மீட்டமைப்பே தேவைப்பட்டிருக்கவில்லை.

சங்கங்கள் செய்ய வேண்டியவை

எங்கள் நிர்வாகக் குழு இவ்விஷயமாகக் கீழ்க்கண்டவாறு தீர்மானித்து நடைமுறைக்குக் கொண்டு வந்திருக்கிறது. சகோதரச் சங்கங்களும் ஆலோசிக்கலாம்.

முதலாவது, கணினியில் நுழையும் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். பணியாளர் மாறினாலும் கணக்கு மாறலாகாது.

இரண்டாவது, பிட்லாக்கர் சாவியின் நாற்பத்தெட்டு இலக்கங்களையும் தாளில் எழுதி உறையிலிட்டு முத்திரை வைத்து, இரும்புப் பெட்டியில் ரொக்கத்தோடு வைக்க வேண்டும். கணினியைப் புதிதாக நிறுவினால் சாவியும் மாறும் ஆகையால், உறையையும் மாற்ற வேண்டும்.

மூன்றாவது, விதைநெல்லை உணவு நெல்லோடு ஒரே குதிரில் கொட்டி வைக்கும் விவசாயி இல்லை. அதுபோல், கணக்கின் பிரதி கணினியிலேயே இருந்தால் அது பிரதியாகாது. வாரந்தோறும் கூலி கொடுத்த அன்று மாலையே இரண்டு பிரதிகள் எடுக்கப்படும். ஒன்று இரும்புப் பெட்டியில். மற்றொன்று காரியாலயத்துக்கு வெளியே, தலைவர் பொறுப்பில். மாதம் ஒரு முறை அவற்றைத் திறந்து பார்த்துக் குறிப்புப் புத்தகத்தில் கையெழுத்திட வேண்டும்.

நான்காவது, செத்த மின்கலம் உடனே மாற்றப்படும். மீட்டமைப்பு, பெரிய புதுப்பிப்பு ஆகியவற்றைப் பிரதி எடுக்காமலும், மின்தாங்கி இல்லாமலும், பட்டுவாடாவுக்கும் தணிக்கைக்கும் முந்திய வாரத்திலும் எவரும் தொடங்கலாகாது.

ஐந்தாவது, அங்கத்தினரின் பற்றுவரவுப் புத்தகத்தில் ஒவ்வொரு வரவும் பற்றும் அவர் கண்முன்னே மையால் எழுதப்பட வேண்டும். கணினியில் ஏறிவிட்டது என்பது காரணமாகாது. எழுத மறுத்தால் அங்கத்தினர் மேசையை விட்டு நகராதிருக்க உரிமை உண்டு.

இந்த ஐந்தாவது தீர்மானத்தை முன்மொழிந்தவர் எழுத்தர். வழிமொழிந்தவர், இரண்டு சேலைகளுக்குத் தம் கரை அடையாளத்தைக் காட்டிய அந்தப் பெரியவர்.

அங்கத்தினர்களே! உங்கள் சங்கக் காரியாலயத்துக்கு அடுத்த முறை செல்லும்போது, சாவி எங்கே இருக்கிறது, பிரதி எங்கே இருக்கிறது, அதைக் கடைசியாகத் திறந்து பார்த்தது எப்போது என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கேட்பது குறை காண்பதாகாது. எங்கள் சங்கத்தில் அவற்றை ஒருவரேனும் முன்பே கேட்டிருந்தால், இந்தக் கட்டுரையை நாங்கள் எழுத நேர்ந்திராது.